முள் ஏறாத கார்

மாஸ்டர் காரிலிருந்து இறங்கும்போதே அந்தத் தாளைக் கையில் பிடித்தபடிதான் இறங்கினார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்தார். காலமெல்லாம் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் வைத்த மனிதருக்கு, தன்னுடைய கார் சித்தியடையவில்லை என்று அச்சடித்து வந்ததைப் பொறுக்க முடியவில்லை.

“தம்பி, புகை டெஸ்டில ஃபெயில் எண்டுறாங்கள்.”

மெக்கானிக் காக்கா தாளை வாங்கவில்லை. கை முழுக்கக் கிரீஸ். “நீங்களே பிடிங்க சேர், நான் பாக்கன்” என்று சொல்லிக் கழுத்தை நீட்டி வாசித்தார்.

திருக்கோவில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது இந்தக் கராஜ். தகரக் கூரை, நாலு தென்னங்குற்றி, நடுவில் சீமெந்து பூசிய ஒரு குழி. பெயர்ப்பலகை கிடையாது. அக்கரைப்பற்றிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து, அஸருக்குப் பிறகு திரும்பிப் போகிற காக்காவின் கராஜ் என்றால் தம்பிலுவில் சந்தி வரைக்கும் வழி சொல்வார்கள். என் மோட்டார் சைக்கிளின் இஞ்சின் அன்று ஒரு சாக்கின் மேல் பிரிந்து கிடந்தது. பிரித்ததைப் பூட்டும் வரை போக வழியில்லை. வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

தாளில் இரண்டு வரிசை எண்கள். ஒன்று இஞ்சின் சும்மா ஓடும்போது எடுத்தது, மற்றது 2500 சுற்றுக்கு முடுக்கி வைத்து எடுத்தது. காபனோரொட்சைட்டு நூற்றுக்கு இத்தனை, ஐதரோகாபன் மில்லியனுக்கு இத்தனை. 2008 இல் இந்தப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து, இது இல்லாமல் வருடாந்த லைசன்ஸ் தாள் கிடையாது. பெரும்பாலானவர்கள் இதில் பார்ப்பது ஒரே ஒரு சொல்லைத்தான்: பாஸா, ஃபெயிலா. காக்கா அந்தச் சொல்லைப் பார்க்கவேயில்லை. எண்களை மட்டும் மேலும் கீழுமாக இரண்டு தரம் வாசித்தார்.

“ரெண்டும் கூடி நிக்கி. ஐதரோகாபன் மட்டும் கூடி மற்றது குறைஞ்சிருந்தா நெருப்பு அடிக்காம பெற்றோல் அப்பிடியே வெளிய போகுதெண்டு செல்லலாம். இது அப்பிடியில்ல. காத்துக் காணாம எரியுது.”

பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரருக்கு இதற்குள் வைத்தியம் தெரிந்துவிட்டது. காற்று ஃபில்டரை மாற்ற வேண்டும் என்றார். அறுவடைக் காலத்தில் சாகாமம் பக்கம் போய் வந்தால் உமித்தூசி அடைக்கும் என்றார். அது உண்மைதான். காக்கா ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். தூசி இருந்தது, வெளிச்சமும் வந்தது. தட்டிவிட்டுத் திரும்பப் போட்டார்.

“காபரேட்டர் வண்டியெண்டா நீ செல்றது சரி. இது கொரோலா 110. உள்ள எவ்வளவு காத்து இருக்கோ அத அளந்துதான் பெற்றோல் அடிக்கும். ஃபில்டர் அடைச்சா இழுவை குறையும், இவ்வளவு கரி வராது.”

ஓட்டோக்காரர் விடவில்லை. பெற்றோல் தாங்கியில் ஊற்றும் ஒரு மருந்துப் போத்தல் பற்றிச் சொன்னார். காக்கா அதற்குப் பதில் சொல்லாமல் காரின் பின்பக்கம் போய்க் குந்தினார்.

சுட்டு விரலைப் புகைக்குழாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் நுனியில் கறுப்பு. பெருவிரலால் தேய்த்தார், உலர்ந்த பொடியாக உதிர்ந்தது. உதவிக்கு நின்ற பெடியனைக் கூப்பிட்டு அவன் விரலையும் விடச் சொன்னார். “வழுக்குதா?” “இல்ல காக்கா.” “வழுக்கினா ஒயில் எரியுது. பிஸ்டன், வால்வு எண்டு பெரிய வேலை. இது பெற்றோல் கரி.” மாஸ்டரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பெரிய வேலை இல்லை என்பது மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

பிறகு பிளக்குகள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே பழைய பேப்பரின் மேல் வைத்தான் பெடியன். இந்த ஒழுங்கைக் காக்கா அவனுக்குப் பழக்கியிருக்கிறார். சில கராஜ்களில் நாலு பிளக்கையும் ஒரே டின்னுக்குள் போட்டுக் குலுக்குவார்கள். அந்தக் குலுக்கலோடு பாதிச் சாட்சியம் போய்விடும். நாலும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தன. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரின் குற்றம். நாலும் கறுத்தால், நாலுக்கும் பொதுவான எங்கோ ஒரு இடத்தில் பிழை. ஒயில் கோலை உருவி மூக்கருகே பிடித்தார். பிடித்துவிட்டு மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். ஒயிலில் பெற்றோல் மணத்தது.

“எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால வழிஞ்சு ஒயிலுக்குள்ள இறங்குது சேர். ஒயில் தண்ணியாப் போகும். அது மறுகா இஞ்சினத் தின்னும்.”

இந்தக் காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம்தானே என்று ஓட்டோக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் கால் நூற்றாண்டு ஓடிய கார்களின் விலை, புதிதாய் வந்தபோது கொடுத்ததை விடவும் மேலே போனது. ஜப்பானில் ஷகென் என்னும் கட்டாயச் சோதனைக்குக் காசு கட்டிக் கட்டிச் சலித்தவர்கள் கழித்துவிட்ட கார்கள், இந்தக் கரையில் குடும்பச் சொத்தாக இருக்கின்றன. மாஸ்டருடையது தொண்ணூறுகளின் கடைசியில் செய்தது. ஆயிரத்து ஐந்நூறு சிசி, பெற்றோல். கதவு மூடும் சத்தம் இன்னும் கெடவில்லை. கீழ்ப்பக்கம்தான் உப்புக் காற்றுக்குக் கொடுத்தாயிற்று.

காக்கா ஒரு துண்டு வயரின் இரண்டு முனையையும் பல்லால் சீவினார். பொனட்டுக்குள், டயக்னோசிஸ் என்று மூடியில் எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்து இரண்டு துளைகளை அந்த வயரால் இணைத்தார். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் இஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். இரண்டு தரம் சிமிட்டி, இடைவெளி விட்டு, ஒரு தரம் சிமிட்டினால் 21: ஒட்சிசன் சென்சர். இரண்டும் இரண்டும் என்றால் 22: தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சர். விலை கூடிய ஸ்கேனர் வருவதற்கு முன்பு டொயோட்டாக்கள் இப்படித்தான் தம் நோயைச் சொல்லின. பெடியன் சீட்டில் உட்கார்ந்து எண்ணினான். விளக்கு நிறுத்தாமல் ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்டுமில்ல எண்டு செல்லுது காக்கா.”

“அது செல்லும். வயர் அறுந்தாத்தான் அதுக்குத் தெரியும். பொய்ச் செய்தி வந்தா அதையும் நம்பும்.”

மீற்றரை எடுத்து ஒட்சிசன் சென்சரின் வயரில் குத்தினார். கலவை சரியாக இருந்தால், ஒரு பங்கு பெற்றோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காற்று என்ற கணக்கைச் சுற்றி, மீற்றரின் முள் பூச்சியம் தசம் ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். இங்கே பெரும்பாலும் கீழேயே கிடந்தது. அதாவது புகையில் ஒட்சிசன் மிச்சம் இருக்கிறது, பெற்றோல் காணாது என்று சென்சர் முறையிடுகிறது. பிளக்குகளோ பெற்றோல் கூடிக் கறுத்துக் கிடக்கின்றன.

“சென்சர் போயிற்று, மாத்துங்க” என்றார் ஓட்டோக்காரர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. காக்கா பழந்துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டிப் பெடியனிடம் கொடுத்தார். அவன் அதைப் புகைக்குழாயின் வாயில் வைத்து அமுக்கினான். காக்கா ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இஞ்சினிலிருந்து இறங்கும் குழாய் நெடுகிலும் நகர்த்தினார். சென்சருக்கு மேலே, இரண்டு குழாய் சேரும் இடத்தில் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கும் அது கேட்டது, மெல்லிய ‘உஸ்’.

போல்ட்டுகள் துருப்பிடித்துத் தலை கரைந்திருந்தன. கஸ்கட் பொரிந்து ஒரு பக்கம் இல்லை. புகை விட்டுவிட்டு அடிப்பது. ஒவ்வொரு அடிக்கும் இடையில் அந்தப் பிளவால் வெளிக்காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றைச் சென்சர் பிடித்து, பெற்றோல் காணாது என்று கணினிக்குச் சொல்ல, கணினி இன்னும் கொஞ்சம் அடிக்கிறது. சென்சர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதை மாற்றியிருந்தால் காசும் போய், புதுச் சென்சரும் அதே முறைப்பாட்டைச் சொல்லியிருக்கும்.

அதற்குக் கீழே இருந்த உருளையைச் சாவியால் தட்டினார். வெறும் சத்தம். புகையைச் சுத்தம் செய்யும் தேன்கூடு அதற்குள் இல்லை. பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் பூசிய அந்தப் பொருளை எந்தக் கை, எந்த வருடம் எடுத்து விற்றதோ. 2002 வரை நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் ஓடியது. அதற்கு முன் வந்து இறங்கிய கார்களின் தேன்கூட்டை ஈயமே கொன்றுவிட்டிருக்கும்; செத்ததைக் கழற்றினார்களா, உயிரோடு கழற்றினார்களா என்று இப்போது யாரைக் கேட்பது? காக்கா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “கலவை சரியா வந்தா இதில்லாமயும் டெஸ்ட் தப்பும். ஊர்க் காத்துக்குத்தான் நல்லமில்ல” என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மாஸ்டர் அப்போதுதான் காருக்குள் இருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்தார்.

அது கணித ஆசிரியரின் கொப்பி. 2022 ஜூன் கடைசியில் தொண்ணூற்றிரண்டு ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அதற்கும் வரிசை. பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். அந்த நாட்களில் நாட்டில் எல்லாருமே ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்தார்கள். அடுத்த வருடம் செப்டெம்பரில் கியூஆர் போனது, கணக்கும் போனது. மாஸ்டர் மட்டும் விடவில்லை. திகதி, கிலோமீற்றர், லீற்றர், வகுத்து வந்த விடை. சிவப்புப் பேனாவில் அடிக்கோடு.

காக்கா கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியை வாங்கினார். இந்த முறை வாங்கினார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டரை என்று போய்க்கொண்டிருந்த விடை ஓர் இடத்தில் பத்துக்கு விழுந்திருந்தது. பிறகு நெடுநாள் பத்து. பிறகு ஒன்பதரை, ஒன்பது, எட்டு என்று தேய்ந்து, கடைசிப் பக்கத்தில் ஏழு.

“இஞ்ச பாருங்க சேர். பிந்தின இறக்கம் மெல்ல மெல்ல வந்திருக்கி. அது துரு. ஒரே நாளில துருப்பிடிக்காது. ஆனா முந்தினது ஒரே விழுகை. அண்டைக்கு என்ன நடந்த?”

மாஸ்டர் திகதியைப் பார்த்தார். “அது நுவரெலியா போய் வந்த கிழமை.”

“போய் வந்து என்ன செய்தீங்க?”

“ஒண்டுமில்ல. சின்ன வேலை ஒண்டு.”

ஒரு நல்ல மெக்கானிக்குக்கும் வைத்தியருக்கும் ஒரே தொல்லை: வந்தவர் முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்வார். காக்கா அவரை நெருக்கவில்லை. காரை ஸ்டார்ட் செய்து, பெடியனிடம் கொடுத்து விநாயகபுரம் வரை ஓட்டி வரச் சொன்னார். வந்ததும் டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். சூட்டு முள் அடியிலிருந்து கொஞ்சம்தான் எழும்பியிருந்தது.

“எப்பவும் இப்பிடித்தான்” என்றார் மாஸ்டர். குரலில் ஒரு பெருமை. “என்ன வெயிலுக்கும் முள் ஏறாது.”

காக்கா தண்ணீர்ச் சென்சரின் வயரைக் கழற்றி மீற்றரை வைத்தார். இஞ்சின் எண்பது பாகைக்குச் சூடேறியிருந்தால் முந்நூறு ஓம்ஸ் அளவில் காட்ட வேண்டும். எண்ணூறுக்குக் கிட்டக் காட்டியது. ஐம்பது பாகையைத் தாண்டியிருக்காது. குழாயைக் கையால் பிடித்தார்; பிடித்தபடியே நின்றார். சூடேறிய இஞ்சினின் தண்ணீர்க் குழாயை யாரும் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. சென்சர் இங்கேயும் உண்மைதான் சொல்கிறது. இஞ்சின் சூடாகவில்லை. சூடாகாத இஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெற்றோல் கொடுக்கும். ஜப்பானின் பனிக்காலக் காலையில் கொடுக்க வேண்டியதை, திருக்கோவிலின் மத்தியான வெயிலில் கொடுத்துக்கொண்டிருந்தது.

தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினார்கள். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் வளையம் மட்டும்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. காக்கா மாஸ்டரைப் பார்க்காமல் வளையத்தைப் பார்த்தார். மாஸ்டர்தான் ஆரம்பித்தார். வெல்லவாயவிலிருந்து எல்ல ஏறும் ஏற்றத்தில், இராவணன் நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட, கார் கொதித்துவிட்டது. வீட்டுக்காரி, பேரப்பிள்ளைகள், அழுகை. வழியில் ஒரு கராஜில், சூடான நாட்டுக்கு இந்த வால்வு எதற்கு, குளிர் நாட்டுக்காரனுக்குச் செய்தது என்று சொல்லிக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் கொதிக்கவில்லை. “அதால நானும் அதப் பெரிசா எடுக்கல்ல.”

“கொதிச்சது வால்வாலயா எண்டு ஆரும் பாத்தாங்களா சேர்?”

பார்க்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரை ஒரு பக்கத்தால் விட்டபோது மறுபக்கத்தால் வந்தது கலங்கல். பிறகு செதில் செதிலாக வெள்ளைக் கற்கள். கடலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிற கிணறு. அதன் சவர்த் தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றி வந்திருக்கிறார். குழாய்கள் பாதிக்கு மேல் அடைத்திருந்தன. தட்டை ரோட்டில் தாக்குப்பிடித்த ரேடியேட்டர் எல்ல ஏற்றத்தில் தோற்றது. குற்றவாளியை விட்டுவிட்டு வால்வைக் கழற்றினார்கள்; தண்ணீர் தடையில்லாமல் சுற்றியதால் கொதிப்பு நின்றது. விலையை மாஸ்டர் ஒவ்வொரு லீற்றரிலும் கட்டி வந்தார், கொப்பியில் எழுதியும் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் இந்த வால்வு இல்லாமல் ஓடும் வாகனங்களைக் கணக்கெடுத்தால் வீதி நிறைந்துவிடும். அதைக் கழற்றுவது ஒரு வைத்தியமாகவே நிலைத்துவிட்டது. கழற்றுபவருக்குக் கால் மணி வேலை, உடனே பலன், உரிமையாளருக்குத் திருப்தி. அடைத்த ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் வேண்டும்.

பெடியன் அக்கரைப்பற்றுக்குப் போய்ப் புது வால்வு வாங்கி வந்தான். காக்கா அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் 82 என்று குத்தியிருந்தது. அதை நேரே காரில் போடவில்லை. தேத்தண்ணிக்கடையில் ஒரு பழைய சருவச்சட்டி கேட்டு வாங்கி, தண்ணீர் நிரப்பி, அடுப்பில் வைத்து, வால்வை ஒரு கம்பியில் தொங்கவிட்டார். ஓட்டோக்காரர், மாஸ்டர், தேத்தண்ணிக்கடைக்காரர், நான் எல்லாரும் சட்டியைச் சுற்றி நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. சட்டியின் அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டின. பிறகு ஆவி. கொதி வருவதற்குக் கொஞ்சம் முந்தி, வால்வின் நடுத்தட்டு ஒரு நூல் அளவு விலகியது, நூல் அரை விரல்கடையானது. உள்ளே இருக்கும் மெழுகு இளகி விரிந்து தள்ளுகிறது, அவ்வளவுதான் அதன் இயந்திரம். தூக்கி வெளியே பிடித்ததும் மெதுவாக மூடிக்கொண்டது.

“கடையில வாங்கினதெல்லாம் வேலை செய்யுமெண்டு இல்ல” என்றார் காக்கா.

லுஹருக்குப் போய் வந்த பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. புகைக்குழாயின் போல்ட்டுகளை அறுத்து எடுத்துப் புதுக் கஸ்கட் போட்டார்கள். ஒயிலை மாற்றினார்கள். ரேடியேட்டருக்குக் கூலண்ட் ஊற்றும்போது காக்கா மாஸ்டரைப் பார்த்து, “இனி இதுக்குக் கிணத்துத் தண்ணி ஊத்தினா நான் பாக்க மாட்டன்” என்றார். மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். போகிற போக்கில் பின் சில்லு ஒன்றைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, இறுகிக் கிடந்த பிரேக்கையும் இளக்கிவிட்டார்கள். மீற்றரில் ஒட்சிசன் சென்சர் இப்போது ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது.

புகை டெஸ்டுக்கு உடனே போக வேண்டாம், இரண்டு கிழமை ஓட்டிக் கரியை எரித்துவிட்டுப் போங்கள், போகும்போதும் இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கட்டும் என்றார் காக்கா. அதே பெற்றோல் ஷெட்டில், அதே பம்பில் நிரப்பிக் கொப்பியில் எழுதச் சொன்னார். காசுக் கணக்கில் ஒட்சிசன் சென்சர் இல்லை, தண்ணீர்ச் சென்சர் இல்லை. அவற்றை எழுதியிருந்தாலும் மாஸ்டர் கொடுத்திருப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். கொமாரி வரை ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து காசு தருவதாகச் சொல்லி மாஸ்டர் காரை எடுத்தார்.

காக்கா என் இஞ்சினின் முன்னால் வந்து குந்தி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது. கையில் கிரீஸ், பெடியன் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தான்.

“தம்பி, கார நிப்பாட்டிற்றன்.” மாஸ்டரின் குரல் நடுங்கியது. “முள் ஏறுது. நடுவுக்கு வந்திற்று.”

“நடுவுக்கு வந்து நிக்கிதா, இன்னும் ஏறுதா?”

“நிக்கிது.”

“புகை, ஆவி ஏதும்?”

“இல்ல.”

“அதுதான் சேர் அதுர இடம். ஸ்டார்ட் பண்ணுங்க. முள்ளப் பாக்காம ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

பெடியன் போனை எடுத்துத் திரையை தன் காற்சட்டையில் துடைத்தான். காக்கா என்னிடம் திரும்பி, “உங்கட பிஸ்டன் ரிங் நாளைக்குத்தான் வரும்” என்றார்.